பாவு தறியேறும் வரை

கைத்தறித் துணியின் தரத்தில் பெரும்பகுதி நாடா ஒருமுறைகூட ஓடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் நூல்தொகுதி பாவு. அதன் குறுக்கே நாடா கொண்டுசெல்லும் நூல் ஊடை. ஊடையில் பிழை வந்தால் நெசவாளர் அந்த இடத்திலேயே நிறுத்தி, நான்கைந்து இழைகளைப் பிரித்துவிட்டு மறுபடி நெய்யலாம். பாவில் வரும் பிழை அப்படிப்பட்டதல்ல. ஓர் இழை இடம் மாறியிருந்தாலோ பக்கத்து இழையைவிடத் தளர்ந்திருந்தாலோ, முதல் அங்குலத்தில் தென்படும் கோடு பாவு தீரும்வரை கூடவே வரும். தடித்த துண்டிலும் போர்வையிலும் அது ஓரளவு மறைந்துவிடும். ஒளி ஊடுருவும் மெல்லிய ஸ்கார்ஃபில் மறைய இடமே இல்லை. அதனால்தான் மென்துணி நெய்கிறவர்கள் நெய்வதற்குச் செலுத்தும் கவனத்தைவிடத் தறியை ஆயத்தம் செய்வதற்குக் கூடுதலான கவனம் செலுத்துகிறார்கள்.

இந்த ஆயத்த வேலைகளுக்கென்றே தனியாக ஒரு பெரிய தொழிலாளர் கூட்டம் இருக்கிறது. 2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு 26.73 லட்சம் நெசவாளர்களைப் பதிவு செய்தபோது, நூல் சுற்றுவது, பாவு ஓடுவது, கஞ்சி தோய்ப்பது, தார் சுற்றுவது போன்ற துணைவேலைகளில் இருப்பவர்களாக 8.48 லட்சம் பேரையும் பதிவு செய்தது. துணி விற்கும்போது நெசவாளரின் பெயராவது சில இடங்களில் சொல்லப்படுகிறது. பாவைச் செம்மை செய்தவர்களின் பெயர் எங்கும் வருவதில்லை. துணியின் அழகில் அவர்களுக்குள்ள பங்கோ சிறிதல்ல.

தமிழ்நாட்டுக் குழித்தறியில் 100ஆம் நம்பர் பருத்தி நூலால் நெய்யப்படும் ஸ்கார்ஃப் ஒன்றை எடுத்துக்கொண்டால் வேலைகளின் ஒழுங்கு விளங்கும். பருத்தி நூலின் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குகிறது என்பதைக் குறிக்கும். ஒரு சிட்டம் 840 கெஜம். 100ஆம் நம்பர் நூலில் ஒரு பவுண்டுக்கு 84,000 கெஜம். அதாவது ஒரு கிராமில் ஏறத்தாழ 169 மீட்டர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். இந்த நூலின் விட்டம் அங்குலத்தில் 280இல் ஒரு பங்கு, சுமார் 0.09 மில்லிமீட்டர். தலைமுடியின் பருமனும் அவ்வளவுதான்.

இவ்வளவு மெல்லிய நூலை எந்தப் பருத்தியிலும் நூற்க முடியாது. நூலின் ஒரு குறுக்குவெட்டில் போதிய எண்ணிக்கையில் பஞ்சிழைகள் இருந்தால்தான் அவை ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும். ஒவ்வோர் இழையும் நீளமாகவும் மெல்லியதாகவும் இருக்கவேண்டும். இந்தியாவில் இதற்குப் பேர்போனது சுவின் பருத்தி. சுஜாதா என்ற ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் என்ற ரகத்தையும் கோயம்புத்தூரில் ஒட்டுச்சேர்த்து உருவாக்கி 1974இல் வெளியிட்டார்கள். இரண்டு பெயர்களின் துண்டுகளும் சேர்ந்ததே அதன் பெயர். இழைகளைப் பிணைத்து வைப்பது முறுக்கு. 100ஆம் நம்பர் பாவு நூலில் ஓர் அங்குலத்துக்கு 40 முறுக்குகள்வரை இருக்கும். ஊடை நூலுக்கு இதைவிடக் குறைவான முறுக்கே போதும். இழுவிசையையும் உராய்வையும் தாங்குவது பாவின் வேலை, துணிக்கு மென்மை தருவது ஊடையின் வேலை என்று இரண்டும் பிரித்துக்கொள்கின்றன.

நூல் முடிவானதும் கணக்குப் போடவேண்டும். ஓர் அங்குல அகலத்தில் எத்தனை பாவிழைகள் என்பதே முதல் கேள்வி. சாதா நெசவில் ஒவ்வொரு பாவிழைக்கும் அடுத்து ஊடை மேலும் கீழுமாகக் கடந்து செல்ல ஓர் இழைப் பருமனளவு இடம் வேண்டும். அதனால் 280 இழைகளை அடுக்கக்கூடிய அங்குலத்தில் 140 இழைகளுக்கு மேல் நெய்ய இயலாது. அந்த எல்லைவரை நெருக்கினால் துணி விறைத்து, காகிதம்போல் நிற்கும். கழுத்தில் தழைந்து விழவேண்டிய துணிக்கு எல்லையில் ஏறத்தாழ அறுபது சதவீதத்துக்குள் நிற்பது நல்லது. 80 இழைகள் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கேற்ற அச்சு 80ஆம் நம்பர் அச்சு. சீப்புப் பற்களைப்போல் மெல்லிய எஃகுத் தகடுகள் வரிசையாக நிற்கும் சட்டமே அச்சு. இரண்டு அங்குலத்தில் உள்ள பல்லிடைவெளிகளின் எண்ணிக்கைதான் அதன் நம்பர். இடைவெளிக்கு இரண்டு இழை கோத்தால் அச்சின் நம்பரும் அங்குலத்துக்கான இழைகளின் எண்ணிக்கையும் ஒன்றாகிவிடும்.

தறியிலிருந்து இறங்கிய துணி சுருங்கும். சலவைக்குப் பின் இன்னும் சுருங்கும். 25 அங்குல அகலத்தில் ஸ்கார்ஃப் வேண்டுமானால் அச்சில் 27 அங்குலம் கோக்கவேண்டும். 27 அங்குலத்துக்கு 80 வீதம் 2,160 இழைகள். சோழமண்டலக் கரையில் ஒரு காலத்தில் துணியின் தரத்தைப் புஞ்சத்தால் சொன்னார்கள். ஒரு புஞ்சம் 120 இழைகள். அந்தக் கணக்கில் இது 18 புஞ்சப் பாவு. இரண்டு ஓரங்களும் உறுதியாக இருக்கப் பக்கத்துக்கு 12 இழைகள் கூட்டினால் மொத்தம் 2,184. நீளத்துக்கு வருவோம். ஒரு ஸ்கார்ஃப் 2 மீட்டர், இரு முனைக் குஞ்சங்களுக்குச் சேர்த்து 20 சென்டிமீட்டர். இருபது ஸ்கார்ஃபுகளுக்கு 44 மீட்டர். ஊடையின் மேலும் கீழும் வளைந்து போவதால் பாவு நீளத்தில் குறையும் பங்கு சுமார் 2 மீட்டர். தறியின் முன்னும் பின்னும் நெய்ய முடியாமல் நின்றுபோவது இன்னும் 2 மீட்டர். ஆக 48 மீட்டர் பாவு. 2,184 இழைகளை 48ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 105 கிலோமீட்டர் நூல். அதன் எடை 620 கிராம்தான். பாவும் ஊடையும் சேர்ந்து நெய்து முடித்த ஒரு ஸ்கார்ஃப் 50 கிராம் அளவில் நிற்கும்.

ஆலையிலிருந்து வரும் சிட்டத்தை அப்படியே தறியில் ஏற்ற முடியாது. பருத்தி இழையின் மேல்தோலில் இயற்கையான மெழுகுப் பூச்சு இருக்கிறது. அது நீரைத் தள்ளும். கஞ்சியையும் சாயத்தையும் உள்ளே விடாது. சிட்டத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, காரம் கலந்த நீரில் காய்ச்சி, அலசிய பிறகே நூல் ஈரத்தை ஏற்கும் நிலைக்கு வரும். சாயமிடுவதானால் அதுவும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடவேண்டும். உலர்ந்த சிட்டத்தை ராட்டையில் ஏற்றிப் பாபின்களில் சுற்றுவார்கள். சுற்றும் கை இங்கே ஒரு சோதனைக்கருவியாகவும் இருக்கிறது. விரல்களுக்கிடையே ஓடும் நூலில் முடிச்சு, பிசிறு, மெலிவு எது வந்தாலும் விரல் அறிந்துவிடும். மெலிந்த இடம் இங்கே அறுந்தால் ஒரு முடிச்சோடு போயிற்று. தறியில் அறுந்தால் பக்கத்து இழைகளையும் சிக்கவைத்துவிட்டுத்தான் நெசவாளரின் கண்ணில் படும்.

பாவு ஓடுவது அடுத்த வேலை. 105 கிலோமீட்டர் நூலை 48 மீட்டர் நீளமுள்ள 2,184 இழைகளாக, ஒரே இழுவிசையில், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கித் தருவதற்கு இந்தப் பெயர். வெட்டவெளியில் குச்சிகளை நட்டு, நூலைக் கையில் பிடித்தபடி அவற்றைச் சுற்றி நடந்தே பாவு ஓடிய காலம் நெடியது. இப்போது பெரும்பாலும் சுழலும் பெரிய மர உருளையில் ஓட்டுகிறார்கள். பாபின் நிற்கும் சட்டத்தில் 168 பாபின்கள் இருந்தால் ஒரு சுற்றில் 168 இழைகள் கொண்ட ஒரு பட்டை ஏறும். 13 பட்டைகள் சேர்ந்தால் 2,184. இதில் ஒரு நுட்பம் உண்டு. சட்டத்தில் ஏதேனும் ஒரு பாபின் மற்றவற்றைவிட எளிதாகச் சுழன்றால் அந்த நூல் தளர்வாக ஏறும். அதே பாபின் ஒவ்வொரு பட்டையிலும் திரும்ப வருவதால் பாவில் ஒரு தளர்ந்த இழையல்ல, சம இடைவெளியில் 13 தளர்ந்த இழைகள் இருக்கும். துணியில் ஒழுங்காகத் தெரியும் மெல்லிய கோடுகளைப் பார்த்ததும் அனுபவமுள்ளவர்கள் இடைவெளியை அளந்து, பிழை பாபின் சட்டத்தில்தான் என்று சொல்லிவிடுவார்கள்.

பாவு ஓட்டத்தின் உயிர்நாடி இழைகளின் வரிசையைக் காப்பது. கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் 2,184 இழைகளில் எது எதற்கு அடுத்தது என்று எப்படி அறிவது? எண்ணிட முடியாது, அடையாளமும் வைக்க முடியாது. மனிதர்கள் கண்ட வழி வியக்கவைக்கும் அளவுக்கு எளியது. பாவின் ஒரு முனையில் இரண்டு கோல்களைக் குறுக்கே செருகுகிறார்கள். முதல் இழை ஒரு கோலின் மேலும் மற்றதன் கீழும் போகும், இரண்டாம் இழை அதற்கு நேர்மாறாகப் போகும், மூன்றாவது முதலாவதைப்போல. இப்படி ஒற்றைப்படை இழைகளும் இரட்டைப்படை இழைகளும் இரு கோல்களுக்கிடையே ஒன்றையொன்று வெட்டிக் கடக்கின்றன. இதைக் குறுக்கு என்று இங்கே வைத்துக்கொள்ளலாம். கோல்கள் உள்ளவரை எந்த இழையும் தன் பக்கத்து இழையைத் தாண்டிப் போக முடியாது. பாவின் மீதிப்பகுதி எவ்வளவு சுருண்டு கலைந்தாலும், குறுக்கில் விரலை வைத்து ஒவ்வொன்றாக எடுத்தால் இழைகள் ஓடிய அதே வரிசையில் வந்து சேரும். ஓர் இழையைப்பற்றி மேலா கீழா என்ற ஒரே ஒரு செய்தியைப் பதித்துவைத்து, ஆயிரக்கணக்கான இழைகளின் வரிசை முழுவதையும் காப்பாற்றும் ஏற்பாடு இது. கணிதவழியில் பார்த்தால் குறுக்கு என்பது சாதா நெசவேதான். இரு கோல்களும் பாவில் ஏறிய முதல் இரண்டு ஊடைகள். கோல்களை உருவிவிட்டால் அல்லது கட்டாமல் பாவைத் தூக்கிவிட்டால் வரிசையை மீட்க வழியே இல்லை. அதனால் குறுக்கின் இரு பக்கமும் கயிறு கோத்துக் கட்டிய பிறகுதான் பாவு உருளையை விட்டு இறங்கும்.

இனி கஞ்சி. ஒற்றை இழைப் பருத்தி நூலுக்குக் கஞ்சி ஏன் இன்றியமையாதது என்பதைத் தறியில் நடப்பதிலிருந்து புரிந்துகொள்ளவேண்டும். அச்சு ஒவ்வொரு ஊடையையும் தள்ளி நெருக்க முன்னும் பின்னும் சுமார் 5 அங்குலம் ஆடுகிறது. அங்குலத்துக்கு 72 ஊடைகள் என்றால், பாவின் ஒரு புள்ளி அச்சின் ஆட்டத்துக்குள் நுழைந்தது முதல் துணியாகும்வரை எஃகுப் பற்கள் அதை 360 முறை உரசிச் செல்லும். பாவிழைகளைத் தூக்கும் விழுதின் கண்களில் படும் தேய்மானம் வேறு. மேலுமொன்று, நாடாவுக்கு வழிவிட்டுப் பாவு வாய் திறக்கும்போதெல்லாம் மேலே போகும் இழையும் கீழே போகும் இழையும் ஒன்றையொன்று உராய்ந்தே பிரிகின்றன. நூலின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் பஞ்சு நுனிகள் இந்த உராய்வில் எழுந்து, பக்கத்து நுனிகளோடு பின்னி, முடிவில் இரண்டு இழைகளும் ஒட்டிக்கொண்டு வாய் திறக்க மறுக்கும். அப்போது அறுவது மெலிந்த இழைதான்.

கஞ்சி இந்த நுனிகளைப் படியவைத்து நூலைச் சுற்றி மெல்லிய தோல் போர்த்துகிறது. அது பருத்தியோடு இவ்வளவு நன்றாக ஒட்டுவதற்கு வேதியியல் காரணம் உண்டு. பருத்தியின் செல்லுலோஸும் அரிசியின் ஸ்டார்ச்சும் குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலிகளே. கோக்கப்பட்ட கோணம்தான் வேறு. அந்தச் சிறு வேறுபாட்டால் ஒன்று நார், மற்றது உணவு. இரண்டிலும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்திருப்பதால் நெருங்கியதும் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் பச்சை மாவு ஒட்டாது. அரிசி மாவை நீரில் கரைத்துச் சூடேற்றும்போது சுமார் 70 டிகிரி செல்சியஸை ஒட்டி ஸ்டார்ச் மணிகள் நீரை உறிஞ்சி உப்பி உடைகின்றன. உள்ளிருந்து அமைலோஸ் சங்கிலிகள் வெளியேறி நீரில் பரவ, கரைசல் கொழகொழப்பாகிறது. அதுதான் ஒட்டும் கஞ்சி. கட்டி ஒன்றுகூடத் தங்காதபடி துணியில் வடிகட்டி, சிறிது தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ சேர்ப்பார்கள். எண்ணெய் அந்தத் தோலுக்கு நெகிழ்வும் வழுக்கலும் தருகிறது. இல்லாவிட்டால் உலர்ந்த ஸ்டார்ச் கண்ணாடிபோல் உடையக்கூடியது. கெட்டியான கஞ்சியும் ஆபத்தானதுதான். தோல் தடித்து, நெய்யும்போது பொடியாக உதிர்ந்து தறியின் அடியில் வெள்ளையாகப் படியும்; நூல் மறுபடி அம்மணமாகும். 100ஆம் நம்பர் நூலுக்குக் கஞ்சி நீர்க்க இருப்பதே முறை.

பாவு தோய்வது தெருவில் நடக்கும் வேலை. சேலம், நாமக்கல், ஈரோடு பகுதிகளில் நெசவாளர் குடியிருப்புகளை ஒட்டிப் பாவடி என்றே வழங்கும் வெளிகள் உண்டு; பாவை முழு நீளத்துக்கும் நீட்டிக் கட்ட ஒதுக்கிய பொதுநிலம் அது. விடியற்காலையில் பாவை இரு முனையிலும் இழுத்துக் கட்டி, இடையிடையே தாங்குகால்கள் நிறுத்தி, கஞ்சியைத் தெளித்தும் தடவியும், வேர்களால் கட்டிய நீண்ட தூரிகையை இருவர் இரு பக்கமும் பிடித்து ஒரே திசையில் இழுத்துக்கொண்டு போவார்கள். திசை மாறக்கூடாது. எதிர்த்திசையில் இழுத்தால் படிந்த நுனிகள் மறுபடி எழும். ஒரு பக்கம் முடிந்ததும் பாவைப் புரட்டி மறுபக்கம். குறுக்குக் கோல்களை ஓயாமல் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருக்கவேண்டும். கஞ்சி உலரும் அந்தச் சில நிமிடங்களில் இழைகள் தனித்தனியாக இல்லாவிட்டால் ஒட்டி ஒரே கற்றையாகிவிடும்.

இந்த வேலைக்கு விடியற்பொழுதைத் தேர்ந்தது தற்செயல் அல்ல. வெயில் ஏறிவிட்டால் தூரிகை பரவும் முன்பே கஞ்சி உலர்ந்துவிடும். இரவின் ஈரம் காற்றில் மிச்சமிருக்கும்போது தொடங்கி, இளவெயில் பட்டுப் பாவு மெல்ல உலர்ந்து முடிவதுதான் சரியான வேகம். மழைநாளில் தெருவில் தோய்ப்பு இல்லை. பின்னாலேயே தறியும் நிற்கும். பெரிய ஊர்களில் இயந்திரத்தில் கஞ்சி ஏற்றிய பாவு வரத் தொடங்கியதிலிருந்து தெருத் தோய்ப்பு குறைந்துகொண்டே வருகிறது. வேகத்தில் இயந்திரத்துக்கு நிகரில்லை. மெல்லிய நூலில் தூரிகை தரும் வழவழப்பும் உருட்சியும் வேறு வகையானவை. கையால் தோய்த்த பாவில் நெய்த துணியைத் தொட்டாலே அந்த வேறுபாடு தெரியும். இந்தத் திறமை கைநழுவிப் போவது உண்மையான இழப்பு.

தோய்த்த பாவை உருளையில் சுற்றும்போது வடிவியல் தன் கடுமையைக் காட்டுகிறது. சுற்றின் ஆரம் 1 மில்லிமீட்டர் கூடினால் அந்தச் சுற்றின் நீளம் 6.3 மில்லிமீட்டர் கூடும். பாவின் நடுப்பகுதி சற்று மேடாகவும் ஓரம் சற்றுப் பள்ளமாகவும் சுற்றப்பட்டால், நாற்பது சுற்றுகளில் நடு இழைகளும் ஓர இழைகளும் 25 சென்டிமீட்டர் வித்தியாசப்படும். நெய்யும்போது ஒரு பகுதி விறைத்து நிற்க, இன்னொன்று தொய்ந்து தொங்கும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே தடித்த காகிதமோ மெல்லிய மூங்கில் சிம்புகளோ வைத்துச் சுற்றுவது இதைத் தடுக்கத்தான். மேலடுக்கு இழைகள் கீழடுக்கின் இடுக்குகளில் புதையாமல், ஒவ்வொரு சுற்றும் சமதளத்தில் அமரும். பாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுற்ற இருவர் மூவர் வேண்டும். இழுப்பு தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒன்றாக இருக்கவேண்டும்.

பிறகு ஒவ்வோர் இழையும் விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிடையிலும் புகவேண்டும். விழுது என்பது நடுவில் கண்ணுள்ள நூல் வளையங்களின் வரிசை; சட்டத்தில் கோத்துத் தொங்கும். மிதியை அழுத்தினால் ஒரு சட்டம் உயர்ந்து, தன் கண்களில் உள்ள இழைகளைத் தூக்கும். சாதா நெசவுக்கு இரண்டு சட்டங்கள் போதும் என்றாலும், அங்குலத்துக்கு 80 இழைகள் உள்ள மென்பாவில் நான்கு சட்டங்கள் வைப்பது மேல். ஒரு சட்டத்தில் அங்குலத்துக்கு 40 வளையங்கள் நெருக்கியடித்து நிற்பதற்குப் பதில் 20 நின்றால் இழைகளுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். முதல் இழை முதல் சட்டத்தில், இரண்டாம் இழை மூன்றாம் சட்டத்தில், மூன்றாம் இழை இரண்டாம் சட்டத்தில், நான்காம் இழை நான்காம் சட்டத்தில் என்று கோத்து, முதல் இரண்டு சட்டங்களை ஒரு மிதியிலும் மற்ற இரண்டையும் இன்னொரு மிதியிலும் கட்டினால் நெசவு அதேதான், உராய்வு பாதி.

முன்பு நெய்த அதே அகலத்திலும் அதே எண்ணிக்கையிலும் புதிய பாவு வந்தால் இந்தக் கோப்பை மறுபடி செய்யவேண்டியதில்லை. பழைய பாவின் கடைசி ஒரு முழத்தை விழுதிலும் அச்சிலும் அப்படியே விட்டுவைத்து, புதிய இழை ஒவ்வொன்றையும் அதன் பழைய இழையோடு பிணைத்துவிடுவார்கள். இங்கே முடிச்சு கிடையாது. விரலில் சாம்பல் தொட்டு இரு முனைகளையும் சேர்த்து ஓர் உருட்டு உருட்டி முறுக்குவதுதான் பிணைப்பு. சாம்பல் விரலின் வழுக்கலை நீக்கி உராய்வைக் கூட்டுகிறது. முறுக்கிய இழைகள் ஒன்றையொன்று சுற்றியிருப்பதால் இழுக்க இழுக்க இறுகுகின்றன; முடிச்சைப்போல் தடிப்பில்லாததால் விழுதின் கண்ணிலும் அச்சிலும் தடையின்றி நுழைந்து வருகின்றன. பெரும்பாலும் பெண்கள் செய்யும் இந்த வேலையில் கைவேகம் பார்க்கிறவரைத் திகைக்கவைக்கும். ஆனாலும் 2,184 பிணைப்புகள் ஒன்றுவிடாமல் பிடித்தாகவேண்டும். வரிசையைச் சொல்லித்தருவது மறுபடி அந்தக் குறுக்குதான்.

பிணைப்பு முடிந்து பாவு முன்னால் இழுக்கப்பட்டுப் படமரத்தில் கட்டப்படும். நெய்த துணியைச் சுருட்டிக்கொள்ளும் உருளை அது. இந்த இடத்தில் குழித்தறியின் அமைப்பில் உள்ள அறிவைக் கவனிக்கவேண்டும். விழுது உயரும்போது நேராக நின்ற இழை முக்கோணத்தின் இரு பக்கங்களாக வளைவதால் சற்று நீண்டாகவேண்டும். இழை 4 சென்டிமீட்டர் உயர்கிறது, விழுதுக்கு முன்னே 30 சென்டிமீட்டரும் பின்னே 30 சென்டிமீட்டரும் பாவு நிற்கிறது என்று கொண்டால் நீட்சி 0.9 சதவீதம். பின்பக்கம் மட்டும் 120 சென்டிமீட்டரானால் அதே உயர்வுக்கு நீட்சி 0.2 சதவீதமாக இறங்கிவிடும். பருத்தி நூல் ஆறு சதவீதத்தை ஒட்டி நீண்டதும் அறுந்துவிடும் பொருள். அதிலும் ஆயிரக்கணக்கான முறை இழுத்து விடும்போது அதைவிட முன்னதாகவே களைத்துப்போகும். குழித்தறியில் பாவை அறையின் மறுகோடிவரை நீளமாக நிறுத்துவது மெல்லிய நூலுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. குறுக்குக் கோல்களை விழுதுக்கு மிக அருகில் தள்ளி வைத்தால் இந்த நன்மை போய்விடும். முக்கோணத்தின் பின்பக்கம் கோலோடு முடிந்துவிடும் அல்லவா? அவற்றைப் பின்னுக்கே வைத்திருக்கவேண்டும்.

குழியின் மற்றொரு உதவி ஈரம். பருத்தி, பெரும்பாலான நார்களுக்கு மாறாக, நனைந்தால் வலுக்கும். ஈரப் பருத்தி உலர்ந்ததைவிடப் பத்து முதல் இருபது சதவீதம்வரை கூடுதல் வலிமை காட்டும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும்போது பருத்தி தன் உலர் எடையில் 8.5 சதவீத அளவுக்கு நீரை ஏந்திக்கொள்கிறது. நெசவாளர் கால் தொங்கவிட்டு உட்காரும் மண்குழி தரையின் ஈரத்தைப் பாவின் அடிப்பக்கத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஸ்டார்ச் தோலும் இந்த ஈரத்தில் உடையாமல் நெகிழ்ந்து நிற்கும். கோடையின் வறண்ட காற்று வீசும் நாளில் தறிக்குழியில் தண்ணீர் தெளிப்பதும், நடுப்பகலில் நெசவை நிறுத்திவிட்டுக் காலையிலும் மாலையிலும் நெய்வதும் இதனால்தான். அடைமழையில் இதற்கு எதிரான தொல்லை. கஞ்சி இளகி இழைகள் பிசுபிசுக்கும்.

ஊடை நூலின் ஆயத்தம் சுருக்கமானது. நாடாவுக்குள் அமரும் சிறு குச்சியில் நூலைச் சுற்றித் தார் ஆக்குவார்கள். தாரை ஈரத்துணியில் பொதிந்து வைத்து நெய்தால் நூல் படிந்து, நெருக்கமாக அமரும். நாடாவிலிருந்து நூல் எவ்வளவு தடையோடு வெளிவருகிறது என்பதே துணியின் ஓரத்தை முடிவுசெய்யும். தடை மிஞ்சினால் ஓரம் உள்ளிழுக்கப்பட்டு, ஓர இழைகள் அச்சில் சாய்வாகத் தேய்ந்து அறும். தடை போதாவிட்டால் ஓரத்தில் நூல் வளையங்கள் துருத்தும். நெய்த துணியின் அகலம் குறையாமலிருக்க, இரு முனையிலும் ஊசி பதித்த மூங்கில் குச்சியைத் துணிக்குக் குறுக்கே கொடுத்து விரித்து வைப்பார்கள்.

எல்லாம் கட்டியானதும் தறி ஆயத்தமாகிவிட்டது என்று நினைக்கக்கூடாது. முதலில் தடித்த நூலைச் சில முறை ஊடையாக ஓட்டுவார்கள். பட்டைபட்டையாக இழுத்துக் கட்டிய பாவில் உள்ள இடைவெளிகள் அதில் மூடிச் சமமாகும். பிறகு உண்மையான ஊடையில் நான்கைந்து அங்குலம் நெய்து, துணிக்குப் பின்னால் வெளிச்சம் வைத்துப் பார்க்கவேண்டும். ஒளிக்கோடு தெரிந்தால் அச்சின் ஓர் இடைவெளியில் இழை குறைந்திருக்கிறது. கருங்கோடு தெரிந்தால் அங்கே மூன்று இழைகள். இரண்டு இழைகள் சேர்ந்தே மேலும் கீழும் போனால் விழுதில் கோப்பு தவறியது. விழுதுப் பிழையை அந்த இடத்தில் புதிதாக ஒரு நூல்வளையம் கட்டிச் சரிசெய்யலாம். அச்சுப் பிழை அவ்வளவு எளிதில் விடாது. தவறிய இடத்திலிருந்து அருகிலுள்ள ஓரம்வரை அத்தனை இழைகளையும் உருவி ஒவ்வோர் இடைவெளியாக மாற்றிக் கோக்கவேண்டும். நடுவில் தவறியிருந்தால் அது ஆயிரம் இழை வேலை. கோக்கும்போதே ஒவ்வோர் அங்குலத்துக்கும் 80 எண்ணிச் சரிபார்ப்பவர்களுக்கு இந்த வேலை வருவதில்லை.

பிழையெல்லாம் தீர்ந்தபின் அந்தச் சோதனைத் துண்டை வெட்டியெடுத்து வெந்நீரில் அலசி, கஞ்சி நீங்கியதும் உலர்த்தி அளப்பார்கள். தறியில் விறைப்பாகவும் வலைபோல் இடைவெளிகளோடும் தெரிந்த துணி இப்போது வேறு முகம் காட்டும். 27 அங்குலம் 25 ஆகியிருக்கும். அங்குலத்துக்கு 80 என்றிருந்த பாவிழைகள் 86 ஆகியிருக்கும். ஊடையும் சற்று நெருங்கியிருக்கும். கஞ்சித் தோல் போனதும் நூல் உப்பி இடைவெளிகளை நிரப்பும். சலவைக்குப் பிறகும் துணி விறைப்பாக நின்றால் அச்சின் அடியைத் தணித்து அங்குலத்துக்கு 72 ஊடைகளை 68 ஆக்கலாம். இழைகள் விரல் பட்டு நகர்ந்தால் ஊடையைக் கூட்டவேண்டும். பாவின் நெருக்கத்தை இனி மாற்ற முடியாது. அது அச்சில் உறைந்துவிட்டது. மாற்றக்கூடியது ஊடை ஒன்றுதான்.

வெட்டிய இடத்தில் பாவை மறுபடி படமரத்தோடு கட்டி, ஓரங்களின் இறுக்கத்தைக் கைபரப்பித் தடவிப் பார்த்து, குஞ்சத்துக்காக 10 சென்டிமீட்டர் பாவை நெய்யாமல் விட்டு, அதன் எல்லையில் மெல்லிய சிம்பு ஒன்றைச் செருகுவார்கள். ஈரத் தார் நாடாவில் ஏறும். முதல் ஸ்கார்ஃபின் முதல் ஊடை அந்தச் சிம்பை ஒட்டி ஓடும்.